சுமை இறக்கும் உயரம்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கீல் மேலே இருக்கிறது. பலகையை வெளியே தள்ளி, ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்தால்தான் திறந்தபடி நிற்கும். யாங்கோனில், எங்கள் தின்கன்ஜூன் பகுதியில் இந்த மாதிரி மரவீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. எங்கள் முட்டுக்குச்சி ஒரு மூங்கில். ஏதோ ஒரு வீட்டின் அடுப்புப் புகையில் வருடக்கணக்கில் கிடந்து கறுத்தது. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டபோது குச்சி நீளமாகி இடித்தது. நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்து ஒரு சாண் அறுத்தேன். அறுத்த துண்டு குப்பையோடு போயிருக்கும். அந்தக் குச்சி ஒரு மனிதனின் முதுகளவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலையில் ஜன்னல்தான் கண்ணில் பட்டது, மனிதன் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் குடும்பம் மிஷன் பள்ளியில் படித்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்த குடும்பம். தாத்தா ரைட்டர், அப்பா ரைட்டர், நானும் ரைட்டர். இருபத்தேழு வயதில் ஒரு சாலைக் கான்ட்ராக்டரிடம் முகாம் எழுத்தராகச் சேர்ந்தேன். மேற்கே, சின் மலைப் பக்கம், ஆற்றிலிருந்து உச்சி ஊர்வரை சாலை போட வேண்டும். ஊரின் பெயரை எழுதவில்லை. இங்கே சொல்லப் போகும் வழக்கம் அந்த ஒரு மலைமுதுகில்தான் இருந்தது, அடுத்த மலைக்காரர்களுக்கே அது தெரியாது. ஆற்றங்கரையில் விடிகாலை கிளம்பினால் பொழுது சாயும்போது ஊர் போய்ச் சேரலாம். எனக்கு அது இரண்டு நாள் ஆனது. எங்கள் ஓவர்சியர் யாங்கோனின் தாமுவேக்காரர், தமிழ் முஸ்லிம். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். பாறையைத் தட்டிப் பார்த்தே அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் அந்த அளவுக்குக் கெட்டிக்காரர் இல்லை.

முகாமுக்குச் சுமை தூக்க ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு விதவை. முப்பத்தைந்து வயதிருக்கும். பர்மியர் வழக்கப்படி நாங்கள் எல்லோரும் அவளை அமா என்றோம், அக்கா என்று அர்த்தம். நெற்றியில் பின்னிய பட்டை, முதுகில் கூடை. அந்தக் கூடையில் என் மடக்கு மேசை, தட்டச்சுப் பொறி, படிவப் பெட்டி எல்லாம் ஒரே நடையில் மேலே ஏறிவிடும். நான் வெறுங்கையோடு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவேன். அவளுடைய நாலு வயது மகள் சில நாள் கூடையின் மேல் உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகும். எங்கள் எல்லோரையும்விட அந்தச் சாலையை விரும்பியவள் அமாதான். அவள் கணவனுக்கு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூங்கில் தூளியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். பாதி வழியில் இறந்துபோனான். "ரோடு இருந்திருந்தா அவரு உசிரோட வீட்டுக்கு வந்திருப்பாரு" என்று, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வாள். வாரத்துக்கு ஒரு முறை நானாவிடம் போய், எப்போது முடியும் என்று கேட்பாள். சாலை வந்தால் சுமை வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அந்தப் பாதை நெடுக, மலைச்சரிவை ஒட்டிக் கற்கள் நின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளப் பலகைக்கல். முதலில் அவற்றை உட்காரும் இடம் என்று நினைத்தேன், ஆனால் யாரும் உட்காரவில்லை. கூடைக்காரர்களுக்கு நடப்பது கஷ்டமில்லை. உட்கார்ந்து கூடையை இறக்கிவிட்டு மறுபடி எழுந்து நிற்பதுதான் கஷ்டம். அதனால் அவர்கள் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, லேசாகப் பின்னால் சாய்வார்கள். கூடையின் அடி கல்லில் உட்காரும். நெற்றிப் பட்டை தளரும். அப்போது ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்வார்கள். அது அந்தக் கல்லுக்குரிய இறந்தவரின் பெயர். ஒவ்வொரு கல்லும் அந்தந்த மனிதரின் முதுகுக்கு ஏற்ற உயரத்தில் இருந்தது. கல்யாணத்தன்று மணமக்கள் இருவரையும் முழுச் சுமையோடு நிற்க வைத்து, தரையிலிருந்து கூடையின் அடிவரை ஒரு மூங்கிலை அளந்து வெட்டுவார்கள். அது அடுப்புக்கு மேல் பரணில் கிடக்கும். ஆள் போன பிறகு அந்த அளவில் கல் எழும்பும். குள்ளமானவர்கள் குள்ளமானவர்களின் கல்லில் இளைப்பாறுவார்கள், நெட்டையர்கள் நெட்டையர்களின் கல்லில். முதுகில் சுமை இருக்கும்போதோ, சும்மா கையை வீசிக்கொண்டு போகும்போதோ அந்தப் பெயர்களைச் சொல்லக் கூடாது. இறக்கிய பிறகுதான் சொல்ல வேண்டும்.

என்னிடம் ஒரு படிவம் இருந்தது. சாலைக் கோட்டில் குறுக்கிடும் பொருள்களை அதில் எழுத வேண்டும்: வீடு, பழமரம், கிணறு, கல்லறை, மற்றவை. கல்லறை என்று எழுதினால் கோடு கொஞ்சம் விலகும். விலக முடியாத இடத்தில் குடும்பத்தார் எடுத்துக்கொள்ள நாள் கொடுப்பார்கள். அமாவின் கணவனுடைய கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அவளிடம் கேட்டேன்: "அமா, இதுக்கு அடியில ஆள் இருக்கா?" அவள், "இல்ல சயா, ஆளு வீட்டுக்குப் பின்னால இருக்காரு" என்றாள். எழுத்தர்களை அந்த ஊரில் சயா என்பார்கள், வாத்தியாருக்குச் சொல்லும் அதே மரியாதை. எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் கல்லுக்குக் கீழே உடல் இருக்கும். உடல் இல்லையென்றால் அது கல்லறை இல்லை. நான் அப்படி வளர்ந்தவன். அந்தக் கல்லையும் அதன் மேலும் கீழும் இருந்த மற்றக் கற்களையும் சேர்த்து, "மற்றவை" என்ற கட்டத்தில் "கற்குவியல்" என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்தது என்று நினைவு.

அறுவடைக்காக ஊர்ப் பெண்கள் இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. அந்த நேரத்தில் இயந்திரம் வந்தது. மலையை வெட்டி, சரிவைத் தாங்க ஒரு சுவர் எழுப்பினார்கள். சுவருக்குக் கல் வேண்டும். நானா என் படிவத்தைப் பார்த்தார், குவியல் குவியலாகக் கல் இருந்தது, எடுத்துக்கொண்டார். பெண்கள் திரும்பி வந்தபோது பாதையே இல்லை. அமா அந்த இடத்தில் கூடையோடு கொஞ்ச நேரம் நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் என் மேசையையும் பெட்டியையும் கூடையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். "இனிமே உங்க சாமான உங்க முதுகுலயே வெச்சுக்குங்க சயா" என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய கூடையையும் நெற்றிப் பட்டையையும் என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மற்றப் பெண்களும் என் பெட்டியைத் தொடவில்லை. மூன்று நாள் நானே சுமந்தேன். முதல் நாள் நெற்றி தோலுரிந்தது, இரண்டாம் நாள் கழுத்து திரும்பவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சாலைக்காக வெட்டிய புதுமண்ணில் ஏறிக்கொண்டிருந்தபோது கால் நடுங்கியது. இறக்கி வைக்க ஓரிடமும் இல்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்து, அந்த வெயிலில் நின்றபடியே அழுதேன். வலிதான் காரணம், பச்சாத்தாபம் ஒன்றும் இல்லை. அது பிறகுதான் வந்தது, மெதுவாக வந்தது, இன்னும் போகவில்லை.

அன்று மாலை நானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்பா ரைட்டரு, நீ குவியல்னுதானே எழுதிக் குடுத்த? குவியல்னா சுவத்துக்கு எடுக்காம நான் என்ன பண்ணுவேன்?" மறுநாள் அமா சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டே போனாள். தன் கணவனின் கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். நீளமான பலகைக்கல்; கொத்தன் அதை உடைக்கச் சோம்பல்பட்டு, ஒரு முழம் வெளியே நீட்டியபடி விட்டிருந்தான். ஆனால் கொத்தன் அதை வைத்த வரிசையில், கல் இப்போது நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதை எடுத்துத் தரச் சொன்னாள். "அத மட்டும் கேக்காத. ஒத்தக் கல்ல உருவுனா மலையே நம்ம தலைக்கு வந்துரும்" என்றார் நானா. அவளை நேராகப் பார்க்க மாட்டாமல் தமிழிலேயே சொன்னார்; நான் அதைப் பர்மியில் சொன்னேன். அவள் கல்லைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு கூடை மண் கொண்டுவந்து சுவரடியில் கொட்டினார்கள். கல்லை இறக்க முடியாது என்றால் தரையை உயர்த்துவது என்று அமா தீர்மானித்திருந்தாள். நானா முதலில் கத்தினார், தண்ணீர் போகிற வாய்க்காலை அடைத்துவிடுவாள் என்று. பிறகு அவரே ஒரு குழாயைக் கொண்டுவந்து அடியில் பதித்தார். "கல்லு எறங்காதாம், தரைய ஏத்துறாளாம். இத எந்தப் படிப்புல சொல்லிக் குடுத்தாங்க?" என்று என்னிடம் கேட்டார். குரலில் கேலி இருந்தது, கூடவே மரியாதையும் இருந்தது. மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தி, பரணிலிருந்து எடுத்துவந்த மூங்கிலை நிறுத்திப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. ஆனால் சுமையோடு ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும். பெண்களில் யாரும் அவ்வளவு உயரம் இல்லை. அவள் என்னைக் கூப்பிட்டாள். கூடையை மாட்டிவிட்டாள். நான் சுவருக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்தேன், கூடை கல்லில் உட்கார்ந்தது. "உங்களுக்கும் அவருக்கும் ஒரே முதுகு சயா" என்றாள். பெயரைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

கல் எழும்பிய பிறகு அந்த மூங்கிலுக்கு வேலை கிடையாது. கல்லடியில் போட்டு மக்க விட்டுவிடுவார்கள். அமா மட்டும் அப்படிச் செய்யாமல் பரணிலேயே வைத்திருந்திருக்கிறாள். அவள் அதை என்னிடம் கொடுத்தாள். என்னை மன்னித்தாளா, இல்லை மறக்காமல் இருக்கட்டும் என்று கொடுத்தாளா, தெரியாது. மற்றக் கற்களில் சில சுவருக்குள் முகம் தெரியாமல் புதைந்திருந்தன, சில உடைந்து ஜல்லியாகிவிட்டன. அந்தக் குடும்பங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

சாலை முடிந்த பிறகும் பழுது பார்க்கும் வேலையாக இரண்டு மூன்று முறை அங்கே போனேன். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக உச்சியிலிருந்து இறங்கி, சாலையோரம் தகரக் கூரைகளோடு வரிசையாக நின்றது. முன்பு ஒரு கல்லில் ஒருவர்தான் இறக்க முடியும் என்பதால், பின்னால் வந்தவர் காத்திருப்பார், காத்திருப்பவர் பேச்சுக் கொடுக்க வேண்டும். வருடக்கணக்கில் பேசாத குடும்பங்கள் அப்படிப் பேசியிருக்கின்றன. இப்போது பிக்கப் வண்டியில் அருகருகே உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள். கல்யாணத்தில் மூங்கில் வெட்டுவது நின்றுபோயிற்று. சுமக்காதவனுக்கு என்ன முதுகளவு? ஆனால் தூளியில் போய்ச் சாகிறவர்களும் இல்லை, ஏனென்றால் தூளியே போய்விட்டது. பிரசவத்துக்கு வண்டி வந்தது. அமாவிடம் இதையெல்லாம் சொல்லி வருத்தப்பட்டபோது அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நாலு நாளு சுமந்தவருக்கு இவ்ளோ ஏக்கமா சயா?" என்றாள். மூன்று நாள்தான். நான் திருத்தவில்லை.

பெண்கள் உயர்த்திய அந்த மண்மேட்டுக்கு எதிரே சாலை கொஞ்சம் அகலம். ஏற்றத்தில் சூடான வண்டிகளை அங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். இது என்ன இடம் என்று டிரைவர்கள் கேட்டிருப்பார்கள். கூடையை இறக்கிக்கொண்டிருந்த யாரோ அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள். நிறுத்தத்துக்கு அதுவே பெயராயிற்று. கண்டக்டர்கள் தினமும் அமாவின் கணவன் பெயரைக் கத்திக் கூப்பிட்டு ஆளை ஏற்றினார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, என் குற்றம் பாதி குறைந்ததுபோலவும் இருந்தது. அவளிடம் சொன்னேன். "கத்தறவன் முதுகுல ஒண்ணும் இல்லியே" என்றாள்.

பிறகு நான் அந்த வேலையை விட்டு யாங்கோனோடு நின்றுவிட்டேன். நானா இறந்துபோனார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அமாவுக்கு ஒரு நாள்காட்டியை பஸ்ஸில் போட்டு அனுப்புவேன், பின்பக்கம் என் முகவரியோடு. சென்ற மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து நாங்கள் திரும்பியபோது, அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வாசலில் நின்றாள். கூடையின் மேலிருந்து சிரித்த அந்தக் குழந்தை. நகரத்தின் ஓரத்தில் லைங் தாயாவில் ஒரு துணி ஃபாக்டரியில் தைக்கிறாள், நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறாள், ஞாயிறு மட்டும் விடுமுறை. என்னை ஊலே என்று கூப்பிட்டாள், மாமா என்று அர்த்தம். அவள் பேசியது சுத்தமான யாங்கோன் பர்மி. என் மனைவி மொஹிங்கா வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே பெண் விஷயத்தைச் சொன்னாள். மழையில் மலை சரிந்து சுவர் போய்விட்டது, மண்மேடும் போய்விட்டது. இயந்திரம் வந்து எல்லாவற்றையும் வாரித் தள்ளுவதற்கு முன்னால் அம்மா கல்லை மட்டும் கண்டுபிடித்து எடுத்து வைத்திருக்கிறாள். மறுபடி நட வேண்டும். அளவுக்கு அந்தக் குச்சி வேண்டும்.

என் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். "நீங்கதானே அறுத்தீங்க" என்றாள் தமிழில், பெண்ணுக்குப் புரியாமல் இருக்கட்டும் என்று. ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை, செல்பேசியை எடுத்தாள். ஊரில் ஒரு மேட்டில்தான் சிக்னல். அம்மா அங்கே வந்து காத்திருப்பதாக ஏற்பாடாம். பல வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன்.

"அறுத்துட்டேன் அமா" என்றேன்.

"எவ்ளோ?"

"ஒரு சாண். கூடவும் இருக்கலாம்."

"கூடன்னா எவ்ளோ சயா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது முறையாக அந்த மனிதனின் கல்லை நான் கெடுத்திருந்தேன், இரண்டாவது முறையும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல். பிறகு அவள், "குச்சி போனா போகட்டும். நீங்க இருக்கீங்க இல்ல?" என்றாள்.

நான் அங்கே போக முடியாது. அந்தப் பக்கம் சண்டை நடக்கிறது; வழி எந்த நாள் திறந்திருக்கும், எத்தனை சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெண் தன் பையிலிருந்து தையல்காரர்களின் அளவுநாடாவை எடுத்தாள். என்னைச் சுவரோரம் நிறுத்தி, தரையிலிருந்து இடுப்புவரை அளந்து எண்ணைச் சொன்னாள். செல்பேசி உடனே கத்தியது. "சும்மா நிக்க வெச்சா அளந்தே? சுமை இல்லாம நின்னா மனுசன் கொஞ்சம் நெட்டையாத்தான் தெரிவான். முதுகுல ஏத்து!"

வீட்டில் இருந்தது ஒரு அரிசி மூட்டை. என் மனைவி பருத்திப் போர்வையை முறுக்கி நெற்றிப் பட்டையாகக் கட்டினாள், இருவரும் சேர்ந்து தூக்கி என் முதுகில் வைத்தார்கள். அதே இடத்தில் நெற்றி வலித்தது. பெண் முழங்காலிட்டு உட்கார்ந்து, மூட்டையின் அடியிலிருந்து தரைக்கு நாடாவை விட்டாள். "ஊலே, அசையாதீங்க." அளந்து முடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. நாடாவைப் பிடித்த விரல் அந்த இடத்திலேயே இருந்தது.

"சின்னப் பிள்ளையில அப்பாவுக்கு பஸ் ஸ்டாப் பேர வெச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பா தோளு எதுவரைக்கும் வரும், ஊலே?"

எனக்குத் தெரியாது என்றேன். முதுகு மட்டும்தான் ஒன்று என்று உன் அம்மா சொன்னாள் என்றேன். அவள் எழுந்து, என் தோளில் ஒரு தரம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அந்த மூட்டையோடு நான் இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.

மேசைமேல் இரண்டு பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி உயரத்தைச் சரிசெய்தார்கள். பின்னால் சாய்ந்து மூட்டையை இறக்கினேன். "எறக்கியாச்சா?" என்றது செல்பேசி. எறக்கியாச்சு என்றேன். "அப்போ சொல்லுங்க." சொன்னேன். பெண் வாயைத் திறந்தாள். அவள் அம்மா தடுத்தாள். "உன் முதுகுல என்ன இருக்கு?" பெண் பட்டையைத் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டாள். மூட்டையை நாங்கள் ஏற்றிவிட்டோம். வாழ்நாளில் முதல் தடவை. நான்கு எட்டு தள்ளாடினாள். மேசை அவளுக்கு உயரம் அதிகம். நுனிக்காலில் எம்பி, பின்னால் சாய்ந்து, எப்படியோ மூட்டையை ஏற்றிவிட்டாள். மூச்சு நிதானமாகும்வரை நின்றாள். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னாள். இந்தத் தடவை அது ஒரு நிறுத்தத்தின் பெயர்போல இல்லை. அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது.

அளவு செல்பேசியில் போய்விட்டது. கல் எழும்பிவிட்டதாக ஜனவரியில் செய்தி வந்தது. குறைக்குச்சி இப்போதும் சமையலறை ஜன்னலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்தப் பெயரை எங்கேயும் எழுதவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனித்திருப்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என் முதுகில் ஒன்றும் இல்லை.